முதலில் அணியில் ஒருவன்



கல்லூரிப் படிப்பை முடிக்கும் வயதில் இருக்கும் பிள்ளைகள் நமக்கு எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. "எனக்குக் கால்பந்து நன்றாக வரும். வெளிநாட்டில் வசதியில்லாத ஓர் ஊருக்குப் போய் அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?" பெற்றோர் எழுதும்போது இதே கேள்வி வேறு முகம் காட்டுகிறது. "எந்நேரமும் மைதானமே கதி என்று கிடக்கிறான். நாளைக்கு இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?" இரு தரப்புக்கும் சேர்த்து இந்த மாதம் ஒரு மனிதரின் பாதையைச் சொல்கிறேன். அவர் பெயர் டாமி கிளார்க். இடம், ஜிம்பாப்வே நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான புலவாயோ.

டாமியின் அப்பா பாபி கிளார்க் ஸ்காட்லாந்தின் பெயர்பெற்ற கோல்கீப்பர். 1965 முதல் 1982 வரை அபர்டீன் அணியின் கோலைக் காத்தவர். தேசிய அணிக்காக 17 ஆட்டங்கள் ஆடியவர். ஓய்வு பெற்றதும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு புலவாயோவுக்குப் போய், ஹைலேண்டர்ஸ் என்ற உள்ளூர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அது 1980களின் தொடக்கம். டாமி அப்போது பதின்வயதுப் பையன்.

ஹைலேண்டர்ஸ் அணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'போசோ' என்பார்கள். இந்தேபெலே மக்களின் கடைசி அரசர் லோபெங்குலாவின் பேரர்கள் 1926இல் தொடங்கிய அணி அது. கறுப்பும் வெள்ளையுமான சட்டை. பார்பர்ஃபீல்ட்ஸ் ஸ்டேடியத்தில் போசோ ஆடுகிறதென்றால் ஊரே அங்கேதான் இருக்கும். கிளார்க் குடும்பம் போய் இறங்கிய அந்த ஆண்டுகளில், நாடு விடுதலை பெற்று மூன்று, நான்கு வருடங்கள்கூட ஆகாத நிலையில், அரசுப் படையினர் அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சத்தமாகப் பேசப் பயந்த ஊர் அது. அந்த ஊரில் மக்கள் அச்சமில்லாமல் கூட்டமாகச் சேர்ந்து குரலெழுப்ப முடிந்த இடம் கால்பந்து மைதானம். அப்படிப்பட்ட அணியின் பயிற்சியாளர் மகனாக ஒரு வெள்ளைக்காரப் பையன் அங்கே வளர்கிறான். யாருக்கும் உதவி செய்ய அவன் அங்கே போகவில்லை. பந்து விளையாடினான், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டான், அவ்வளவுதான். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிறகு அப்பாவுக்கு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. டாமியும் அங்கேயே படித்தார். பட்டம் வாங்கிய கையோடு, 1990களின் தொடக்கத்தில், மறுபடி புலவாயோவுக்கே போனார். இம்முறை பயிற்சியாளர் மகனாக அல்ல. பள்ளியில் ஆசிரியராகவும் ஹைலேண்டர்ஸ் அணியில் ஆட்டக்காரராகவும் போனார்.

அந்த அணியில் அவர் கண்டதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. திடகாத்திரமாக இருந்த வீரர்கள் மெலிந்தார்கள். பயிற்சிக்கு வராமல் நின்றார்கள். பிறகு அவர்களுடைய சாவுச் செய்தி வந்தது. என்ன நோய் என்று எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும். வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை. தான் ஆடிய காலத்தில் எச்.ஐ.வி. பற்றி அணிக்குள் பேச்சே எழவில்லை என்று டாமி பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரே பேருந்தில் போய், ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஆடுகிறவர்களுக்குள்ளேயே இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பேச்சில்லை என்றால், ஊரில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1990களின் பிற்பகுதியில் ஜிம்பாப்வேயில் வயது வந்தவர்களில் நான்கு பேரில் ஒருவருக்கும் மேல் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. மருந்து இருந்தது, ஆனால் பணக்கார நாடுகளில் இருந்தது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் செலவாகும் கூட்டு மருந்தைப் புலவாயோவில் யார் வாங்குவது? இந்த விலையை உடைத்தது நம் நாட்டு நிறுவனம் என்பதை இந்த இடத்தில் பெருமையோடு பதிவு செய்கிறேன். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், யூசுஃப் ஹமீத் தலைமையில், அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் இன்று உயிரோடிருக்கும் எத்தனையோ பேர் அந்த அறிவிப்புக்குக் கடன்பட்டவர்கள். ஆனாலும் அந்த மாத்திரை ஊர் ஊராகப் போய்ச் சேர ஆண்டுகள் பிடித்தன. அதுவரைக்கும் கையில் இருந்த ஒரே ஆயுதம், தொற்றாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு முதலில் வாயைத் திறந்து பேச வேண்டும்.

நமக்கும் இது அந்நியமான கதை இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, நம் ஊரில் இதெல்லாம் எப்படி என்று நம்ப மறுத்தவர்களே அதிகம். 2000களின் தொடக்கத்தில் ஊரெங்கும் சுவர்களில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரம் கேட்டுக்கொண்டிருந்தது நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு முழுவதும் அந்த ஒரு வாசகத்தை வைத்துக்கொண்டு டீக்கடையில் பேச ஆரம்பித்தோம். அது நடந்த அதே ஆண்டுகளில், புலவாயோவில் வேறொரு வழியில் பேச்சைத் தொடங்கப் பார்த்தார்கள்.

டாமி கிளார்க் அதற்குள் மருத்துவம் படித்து, குழந்தை மருத்துவத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த யோசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் டாக்டர் சொல்வதைக் கேட்பதில்லை, சுவரொட்டியைப் படிப்பதில்லை. ஆனால் போசோ வீரன் சொன்னால் கேட்பார்கள். அவன் எப்படி முடி வெட்டுகிறான், எப்படி நடக்கிறான் என்பதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைகள், அவன் வாயால் எச்.ஐ.வி. என்ற சொல் வந்தால் காதைத் திறக்காமலா இருப்பார்கள்? மனிதர்கள் தாங்கள் மதிக்கிறவர்களைப் பார்த்தே பழக்கங்களைக் கற்கிறார்கள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா நீண்டகாலம் ஆராய்ந்து எழுதியதும் அவருடைய யோசனைக்குப் பக்கபலமாக அமைந்தது.

யோசனை யாருக்கு வேண்டுமானாலும் வரும். அதைச் செய்ய யாரைக் கூட்டுச் சேர்த்தார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. அவர் தேடிப் போனது பழைய ஹைலேண்டர்ஸ் கூட்டாளிகளை. அவர்களில் ஒருவர் மெதெம்பே நிட்லோவு. புலவாயோ மண்ணின் பிள்ளை, ஜிம்பாப்வே தேசிய அணிக்கு ஆடியவர், டார்ட்மத்தில் படித்தவர். இன்னொருவர் கர்க் ஃபிரெட்ரிக். மூன்றாமவர் அமெரிக்க கோல்கீப்பர் ஈதன் ஸோன். நான்கு பேரும் ஒரே சட்டை அணிந்து ஆடியவர்கள். 2002இல் இந்த நால்வரும் சேர்ந்து 'கிராஸ்ரூட் சாக்கர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஈதன் ஸோனின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 'சர்வைவர்' என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி. ஆளில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டு, கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. 2001இல் கென்யாவில் அந்தப் போட்டி படமாக்கப்பட்டது. அதற்கிடையே ஈதனுக்கு அங்கிருந்த ஒரு மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பு வந்தது. வெளியே நின்ற பிள்ளைகளோடு தன் கையிலிருந்த சின்னத் துணிப்பந்தைக் காலால் தட்டி விளையாடினார். அவர்களில் பலர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் என்பது அவருக்குப் பிறகு தெரிந்தது. போட்டியில் அவரே வென்றார். கோடீஸ்வரன் ஆன கையோடு அந்தப் பணத்தில் ஒரு பங்கையும், திடீரென்று கிடைத்த புகழையும் இந்த வேலைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு ஒருமுறை நிதி திரட்டுவதற்காக பாஸ்டனிலிருந்து வாஷிங்டன் வரை பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே நடந்தார். 2009இல் அவருக்கே நிணநீர்ப் புற்றுநோய் வந்து, கடுமையான சிகிச்சைகளைத் தாண்டி மீண்டார்.

2003இல் புலவாயோவின் பள்ளிகளில் முதல் வகுப்புகள் தொடங்கின. வகுப்பு என்று சொல்வதைவிட ஆட்டம் என்று சொல்வதே பொருந்தும். இரண்டு ஆட்டங்களை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிள்ளைகள் இரண்டு வரிசையாக, எதிரெதிரே, தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். கைகள் முதுகுக்குப் பின்னால். ஒரு வரிசைக்கு மட்டும் ஒரு டென்னிஸ் பந்து தரப்படுகிறது. அதை அவர்கள் முதுகுக்குப் பின்னால் ரகசியமாகக் கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பந்து கையில் இருப்பவன் இல்லாததுபோல் நடிப்பான், இல்லாதவன் இருப்பதுபோல் முழிப்பான். கோச் "நிறுத்து" என்றதும், யாரிடம் பந்து இருக்கிறது என்று எதிர் வரிசை முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். ஒரே சிரிப்பு, கூச்சல். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்கள். இரண்டு சுற்று முடிந்ததும் கோச் கேட்பார்: "இந்தப் பந்துதான் எச்.ஐ.வி. என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்ததா?" அதுவரை ஆரவாரம் செய்த பிள்ளைகள் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். பார்த்தால் தெரியாது என்றால் வேறு எப்படித் தெரியும்? ரத்தப் பரிசோதனை. அந்தப் பதிலைக் கோச் சொல்வதில்லை, பிள்ளைகள் வாயிலிருந்தே வருகிறது.

அடுத்தது கூம்புகளை வரிசையாக நட்டு, நடுவே பந்தை உருட்டிக்கொண்டு ஓடும் ஆட்டம். நம் ஊர் மைதானங்களிலும் தினமும் நடக்கிற சாதாரணப் பயிற்சிதான். அங்கே ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு பெயர் உண்டு. ஒன்று, குடி. ஒன்று, பாதுகாப்பில்லாத உறவு. ஒன்று, ஒரே காலத்தில் பலரோடு உறவு. இன்னொன்று, தன்னைவிட வயதில் மிகப் பெரியவரோடு உறவு. பரிசும் பணமும் காட்டிச் சிறுமிகளை வளைக்கும் ஆண்களால் அங்கே இளம்பெண்களுக்குத் தொற்று பரவியது அதிகம் என்பதால் இந்தக் கூம்பு முக்கியம். முதல் சுற்றில் கூம்பைத் தட்டியவன் மட்டும் தண்டால் எடுக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் ஒருவன் தட்டினால் அவனுடைய அணி முழுவதும் தண்டால் எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் யார் தட்டினாலும் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் கீழே படுத்தாக வேண்டும். "அவன் தட்டியதற்கு நான் ஏன் எடுக்கணும்?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார் கோச். ஒரு வீட்டில் அப்பாவுக்கு வந்தால் யாருக்கெல்லாம் கஷ்டம் என்று அங்கிருந்து பேச்சு தொடங்கும். அம்மாவை, அண்ணனைப் பறிகொடுத்த பிள்ளைகள் நிறைந்த மைதானம் அது. அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை, பேசுவதற்கு ஓர் இடம்தான் தேவைப்பட்டது.

எளிமையைப் பாருங்கள். ஒரு பந்து, சில கூம்புகள், அரை மைதானம். நல்லது செய்கிறேன் என்று கட்டடம் கட்டி, பலகை மாட்டி, பூட்டிப் போட்ட எத்தனையோ திட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். இது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றுக்குள்ளேயே தன் வேலையை வைத்தது.

தொடக்கத்தில் புகழ்பெற்ற வீரர்களை வைத்து நடந்த பாடம், போகப்போக அந்தந்தப் பகுதியின் இளைஞர்கள் கைக்கு வந்தது. பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். அதே தெருவில் வளர்ந்து, அதே தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றவர்கள். பயிற்சி பெற்று 'கோச்' ஆகிறார்கள். நட்சத்திர வீரன் ஒருநாள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவான். பக்கத்துத் தெரு அக்கா வாராவாரம் வருவாள். வகுப்பு முடிந்த பின்னும் வழியில் பார்த்தால் நின்று பேசுவாள். பரிசோதனைக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றால் கூடவே வருவாள். கோச்களுக்கு ஒரு கடமை உண்டு: தங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு கதையை மனம்திறந்து பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். யாரை இழந்தேன், எங்கே தடுமாறினேன், எப்படி எழுந்தேன் என்று இருபத்திரண்டு வயதுப் பெண் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் சொல்லும்போது, டாமி கிளார்க் ஆடிய காலத்து மௌனம் அங்கே உடைகிறது. உடைத்தவர் வெளிநாட்டுக்காரர் அல்ல, அந்த ஊர்ப் பெண்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்பந்து ஆண்களின் ஆட்டம் என்ற எண்ணம் அங்கேயும் ஆழமானது. ஆனால் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இளம்பெண்களுக்கே தொற்று அதிகம். ஆகவே பெண்களுக்கென்றே தனி வகுப்புகள், பெண் கோச்கள், பெண்கள் பயமின்றி ஓடுவதற்கு ஒரு நேரம், ஓர் இடம் என்று அந்த வேலை விரிந்தது. தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா என்று நாடுகளும் கூடின. 2010 உலகக் கோப்பையையொட்டி ஆப்பிரிக்காவில் தொடங்கப்பட்ட கால்பந்து மையங்களில் முதலாவது, கேப்டவுனின் காயெலிட்ஷா குடியிருப்பில் 2009 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பு இந்த அமைப்பிடம்தான் வந்தது. கூட்டாளி அமைப்புகளையும் சேர்த்தால் இதுவரை ஒரு கோடிக்கும் அதிகமான பிள்ளைகளைச் சென்றடைந்திருப்பதாக அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

பெரிய எண்களைக் கேட்டு மயங்குகிற வழக்கம் எனக்கில்லை. ஒரு கோடிப் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தார்கள் என்பது வேறு, ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாறியது என்பது வேறு. இந்த அமைப்பு தன் வேலையை வெளி ஆய்வாளர்கள் அளந்து பார்க்கத் தொடக்கத்திலிருந்தே அனுமதித்தது என்பதால்தான் அதன்மேல் எனக்கு நம்பிக்கை. ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஆண்களுக்கு முன்தோல் நீக்கும் சிறு அறுவை சிகிச்சை செய்தால், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைகிறது என்பது தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா நாடுகளில் நடந்த சோதனைகளில் உறுதியானது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. ஜிம்பாப்வேயில் பெரும்பாலான ஆண்களிடம் அந்த வழக்கம் இல்லை. வளர்ந்த ஆண்களைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமா?

புலவாயோவின் கால்பந்து அணிகளைத் தேர்ந்து, அவற்றில் ஒரு பாதிக்கு மட்டும் ஒரு மணி நேர வகுப்பு நடத்தினார்கள். நடத்திய கோச் தானே அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர். எப்படி இருந்தது, எத்தனை நாள் வலித்தது, எப்போது மறுபடி ஆட வந்தேன் என்று ஆட்டக்காரன் ஆட்டக்காரனிடம் பேசினார். பிறகு போனில் கூப்பிட்டு விசாரித்தார். வருகிறேன் என்றவர்களோடு மருத்துவமனை வரை கூடவே போனார். முடிவு: வகுப்பு நடந்த அணிகளில் 4.8 சதவீதம் பேர் சிகிச்சை செய்துகொண்டார்கள், நடக்காத அணிகளில் 0.5 சதவீதம் பேர். ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். ஆனாலும் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூடத் தொடவில்லை. இரண்டும் உண்மை. பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதையும், தெரிந்தவன் ஒருவன் கூட நடந்துவந்தால் எவ்வளவு மாறும் என்பதையும் இந்த இரண்டு எண்களைவிட நேர்மையாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஜிம்பாப்வேயில் தொற்று விகிதம் 1990களின் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மருந்து வந்தது, சாவுகளைக் கண்ணால் பார்த்த மக்கள் பழக்கங்களை மாற்றினார்கள், அரசும் தேவாலயங்களும் செவிலியர்களும் உழைத்தார்கள். கால்பந்து சாதித்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கால்பந்தும் ஒரு கை கொடுத்தது.

சரி, கடிதம் எழுதிய தம்பி தங்கைகளுக்கு வருகிறேன்.

வெளிநாட்டுக்குப் போய்த் தொண்டு செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று திட்டமிடுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு இப்படி அழைத்துப் போகும் நிறுவனங்களும் உண்டு. பிள்ளைகளோடு பந்து விளையாடி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். அந்தப் பிள்ளைகள் அடுத்த மாதம் இன்னொரு கூட்டத்தோடு முதலிலிருந்து பழக வேண்டும். பாசம் வைத்து வைத்துப் பிரிகிற அந்தச் சிறு நெஞ்சங்களுக்கு இதனால் ஏற்படுகிற காயத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்த வழியில் போகாதீர்கள்.

டாமியின் பாதையில் நான் பார்க்கும் விசேஷம் அதன் வரிசை. முதலில் அவர் அந்த ஊரில் வாழ்ந்தார். அந்த அணியின் பயிற்சியாளருக்குக் கீழ்ப்படிந்து ஆடினார். அங்கே மாணவர்களுக்குப் பாடம் நடத்திச் சம்பாதித்தார். ஊர் துக்கத்தில் பங்கெடுத்தார். பிறகு ஊர் திரும்பி, பல ஆண்டுகள் செலவிட்டு, உண்மையிலேயே உபயோகமான ஒரு தொழிலைக் கற்றார். அதற்கப்புறம்தான் ஒரு யோசனையோடு திரும்பினார்; அப்போதும் தனியாக வராமல், அந்த மண்ணின் ஆளான மெதெம்பேயோடு சமமாகச் சேர்ந்து வந்தார். இன்றைய வேகத்தில் இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உங்களுக்கு நீளமாகத் தெரியலாம். ஆனால் அந்த ஆண்டுகள் இல்லாமல் புலவாயோவின் ஒரு தலைமையாசிரியரும் எச்.ஐ.வி. பாடம் நடத்தத் தன் பள்ளிக் கதவைத் திறந்திருக்க மாட்டார்.

ஆகவே போக விரும்புகிறவர்கள் போங்கள். குறைந்தது ஓர் ஆண்டாவது தங்குகிற மாதிரி, ஒரு வேலையோடு போங்கள். ஆசிரியராக, செவிலியராக, கணக்கெழுதுபவராக, எதுவாக இருந்தாலும் சரி. அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். மாலையில் உள்ளூர் அணியில் போய்ச் சேர்ந்து, அங்கிருக்கும் கோச் சொல்கிற இடத்தில் ஆடுங்கள். மாற்று ஆட்டக்காரனாக உட்கார வைத்தால் உட்காருங்கள். அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே ஒருநாள் உங்களிடம் சொல்வார்கள்.

போகும் முன் நம் ஊர் மைதானங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொல்வேன். 'குட்டி பிரேசில்' என்று பெயரெடுத்த வியாசர்பாடியில், தனபால் கணேஷ் போல இந்திய அணி வரைக்கும் போனவர் பந்தைத் தொட்ட அதே இடத்தில், இன்று மாலையும் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கடற்கரை ஊர்களில் கால்பந்து இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடப் போனதைப் பார்த்து வளர்ந்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மைதானங்களின் கோச்களுக்குப் பிள்ளைகளின் வீட்டு நிலவரம் வகுப்பாசிரியரைவிட நன்றாகத் தெரியும். யார் வீட்டில் அப்பா குடிக்கிறார், யாரைப் படிப்பை நிறுத்தப் போகிறார்கள், யாருக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதெல்லாம் அவர்கள் காதுக்குத்தான் முதலில் வருகிறது. அவர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் இல்லை. பந்தும் காலணியும் கைக்காசில் வாங்குகிறார்கள். அவர்களிடம் போய், "அண்ணே, அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போவதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மைதானமே கதி என்று கிடக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், ஒருநாள் மாலை அந்த மைதானத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். தோற்ற பிறகு எதிரணிக்காரனுக்குக் கைகொடுப்பதை, அடிபட்டவனைத் தூக்கிவிடுவதை, தன்னைவிடச் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பதை உங்கள் பிள்ளை எங்கே கற்றான் என்று உங்களுக்கே விளங்கும்.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படிக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எச்.ஐ.வி. பற்றிய பேச்சு நம்மிடையே புள்ளிராஜா காலத்தோடு ஓய்ந்துவிட்டது. இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. மேலே சொன்ன டென்னிஸ் பந்து ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் போதும். இந்த வாரம் பயிற்சி முடிந்ததும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் தயங்காமல் பேசுங்கள். பரிசோதனை எங்கே என்று கேட்டால், அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தைச் சொல்லுங்கள். அங்கே பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், விவரம் ரகசியமாகக் காக்கப்படும். தொலைபேசியில் கேட்க விரும்புகிறவர்களுக்கு இலவச உதவி எண் 1097.

அன்புடன்,
ஆசிரியர்